ஒலிநாடாவில் பெண் குரல்: பாலஸ்தீனமும் சுயேச்சை வானொலியும்

அரபு - இஸ்ரேல் மோதலின் வரலாற்றை எந்தப் பாடநூலில் படித்தாலும் அது ஆண்டுகளின் வரிசையாகவே இருக்கும். 1948, 1956, 1967, 1973, 1982, 1987, 1993, 2000. ஒவ்வோர் ஆண்டோடும் ஒரு தளபதியின் பெயரோ பிரதமரின் பெயரோ ஒப்பந்தத்தின் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். கோல்டா மேயர் போன்ற ஓரிருவரை விட்டுவிட்டால், இந்த வரலாற்றுக்குள் பெண்கள் நுழைவது பெரும்பாலும் இறந்தோர் கணக்கின் வழியாகத்தான்: ‘பெண்களும் குழந்தைகளும் உட்பட.’ பெண்ணிய அரசியல் அறிஞர் சிந்தியா என்லோ 1990இல் வளைகுடா நெருக்கடியைப் பற்றி எழுதியபோது இந்தத் தொடரை இடைவெளியே விடாமல் ஒரே சொல்லாக எழுதிக் காட்டினார். போர்ச் செய்திகளில் பெண் எப்போதும் குழந்தையோடு சேர்த்துக் கட்டப்பட்ட மூட்டையாகவே வருகிறாள். அவளுக்கென ஒரு கருத்து இருக்கலாம் என்ற எண்ணமே எழாதபடி அந்தச் சொல் பார்த்துக்கொள்கிறது.

சில ஆண்டுகளாக நான் இந்த மோதல் குறித்த பழைய வானொலிப் பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவங்களையும் தேடிக் கேட்டும் படித்தும் வருகிறேன். அரசுக்கோ விளம்பர நிறுவனங்களுக்கோ கட்டுப்படாத நிலையங்கள் பதிவுசெய்து வைத்தவை அவை. அச்சிட்ட வரலாற்றில் இல்லாத பெண்கள் இங்கே இருக்கிறார்களா என்பதே என் கேள்வி. இருக்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்களாக இருக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது.

அரசுகளின் குரல்

அந்த நிலத்தில் வானொலி அரசின் கருவியாகவே பிறந்தது. பிரித்தானிய ஆட்சி 1936 மார்ச்சில் பாலஸ்தீன ஒலிபரப்புச் சேவையைத் தொடங்கியது. ஆங்கிலம், அரபி, ஹீப்ரு என்று மூன்று மொழிகளும் ஒரே நிலையத்தில் ஒலித்தன. ஒலிபரப்புக் கோபுரம் ரமல்லாவில் இருந்தது. 1948இல் நாட்டைப் போலவே நிலையமும் துண்டானது. ரமல்லாக் கோபுரம் ஜோர்டான் வசம் போயிற்று. இஸ்ரேல் தன் அரசு வானொலியான ‘கோல் இஸ்ரேலை’ அமைத்துக்கொண்டது. 1953இல் கெய்ரோவிலிருந்து ‘அரபுகளின் குரல்’ ஒலிக்கத் தொடங்கியது. 1967 ஜூன் போரில் எகிப்தின் விமானப்படை தரையிலேயே அழிக்கப்பட்டிருந்த வேளையில், இந்த நிலையத்தின் அறிவிப்பாளர் அகமது சயீது வெற்றிச் செய்திகளை முழங்கிக்கொண்டிருந்தார். அதை நம்பி அமர்ந்திருந்த அரபு வீடுகளில் உண்மை தெரியவந்தபோது விழுந்த இடியை இன்றும் அந்தத் தலைமுறையினர் பேசுவதுண்டு.

அரசு வானொலியிலும் பெண் குரல்கள் இருந்தன. ஆனால் நாட்டு நடப்பைத் தீர்மானிக்கும் பேச்சில் அவர்களுக்குப் பங்கு குறைவு. அரசுகளுக்கு வெளியே நின்று ஒலிபரப்பும் முயற்சிகள் பின்னால் வந்தன. பம்பாயில் வளர்ந்து, விமானியாகி, பின் இஸ்ரேலில் குடியேறிய ஏபி நேத்தன் 1973இல் ஒரு பழைய சரக்குக் கப்பலை டெல் அவிவ் கரைக்கு அப்பால் நிறுத்தி ‘சமாதானத்தின் குரல்’ வானொலியை நடத்தினார். பாட்டுகளும் அமைதிச் செய்திகளுமாக அது 20 ஆண்டுகள் ஒலித்தது. 1993இல் கப்பலை அவரே கடலில் மூழ்கடித்தார். 2004இல் இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் சேர்ந்து ஜெருசலேமில் ‘அமைதிக்காக அனைவரும்’ என்ற இருமொழி வானொலியைத் தொடங்கினார்கள். அதன் பாலஸ்தீனப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மய்சா பரான்சி சினியோரா என்ற பெண். 2011இல் உரிமம் இல்லை என்று சொல்லி இஸ்ரேலின் தகவல் தொடர்பு அமைச்சகம் அதை நிறுத்தியது. 2010இல் ரமல்லாவில் மய்சூன் ஓதே கங்கத் தொடங்கிய ‘நிசா எஃப்.எம்.’ பெண்களுக்கென்றே அமைந்த நிலையம். நிசா என்றால் அரபியில் பெண்கள்.

சந்தா கட்டிய நேயர்கள்

இந்த மோதல் குறித்த சுயேச்சை வானொலிப் பதிவுகள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் இடம் அந்த நிலத்திலிருந்து வெகு தூரத்தில், அமெரிக்காவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த லூயிஸ் ஹில் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 1946இல் பசிஃபிகா அறக்கட்டளையை நிறுவினார். 1949 ஏப்ரலில் பெர்க்லியில் கே.பி.எஃப்.ஏ. நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. நேயர்கள் கட்டும் சந்தாதான் வருமானம். அன்றைக்கு இது யாரும் செய்து பார்க்காத ஏற்பாடு. பிறகு லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன் நகரங்களிலும் நிலையங்கள் வந்தன. ஹூஸ்டன் நிலையத்தின் கோபுரத்தை 1970இல் கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் ஒரே ஆண்டில் இரண்டு முறை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுயேச்சைக்கு விலை உண்டு என்பதை அந்த நிலையங்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தன.

பசிஃபிகாவின் வரலாற்றை ஆண் நிறுவனர்களின் கதையாகச் சொல்வது எளிது. ஆனால் கே.பி.எஃப்.ஏ.வின் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு உருவம் கொடுத்தவர் எல்சா நைட் தாம்சன். போர்க்காலத்தில் பி.பி.சி.யில் பணியாற்றிவிட்டு வந்தவர். 1960களில் பொது விவகாரப் பிரிவை நடத்தியவர். யாரும் மேடை கொடுக்காதவர்களை அழைத்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை நேரம் கொடுத்துக் கேட்கும் நீண்ட நேர்காணல் அவர் வளர்த்த கலை. வேரா ஹாப்கின்ஸ் என்ற இன்னொரு பெண் அந்த நிறுவனத்தின் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் தொகுத்துக் காப்பாற்றினார். அந்த நிறுவனத்தின் வரலாற்றை எழுத வருபவர்கள் அவர் சேர்த்துவைத்த காகிதங்களுக்குக் கடன்பட்டவர்கள்.

1996 பிப்ரவரியில் பசிஃபிகாவில் ‘டெமாக்ரசி நவ்’ நிகழ்ச்சி தொடங்கியது. அதை நடத்தும் எமி குட்மன் அந்த மரபின் நேர் வாரிசு. 2002இல் அது தனி நிறுவனமாகப் பிரிந்தது. நிகழ்ச்சிகளை ஒலியாகவும் எழுத்தாகவும் கட்டணமின்றி அனைவருக்கும் திறந்து வைத்திருப்பது அதன் பெரும் தொண்டு. 2000 செப்டம்பரில் இரண்டாவது பாலஸ்தீன எழுச்சி வெடித்த பிறகு அங்கே நடந்ததை ஏறத்தாழ நாள்வாரியாகப் பின்தொடர முடிகிற ஒரு குறிப்பேடாகவே அது ஆகிவிட்டது.

ஒரு நிமிடத் துண்டு

அந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2002 ஆகஸ்டில் எமி குட்மன் இஸ்ரேலின் முன்னாள் கல்வி அமைச்சர் ஷுலமித் அலோனியைப் பேட்டி கண்டார். இஸ்ரேலை விமர்சிக்கும் அமெரிக்கர்கள் ஏன் யூத வெறுப்பாளர்கள் என்று அழைக்கப்படுகிறார்கள் என்பது கேள்வி. அது நாங்கள் எப்போதும் பயன்படுத்தும் ஓர் உத்தி என்று அலோனி தயங்காமல் சொன்னார். விமர்சனம் ஐரோப்பாவிலிருந்து வந்தால் யூதப் படுகொலையை நினைவூட்டுவோம், அமெரிக்காவிலிருந்து வந்தால் யூத வெறுப்பு என்போம் என்பது அவர் தந்த விளக்கம். ஒரு நிமிடம் போல வரும் இந்தத் துண்டு பல ஆண்டுகளாக இணையத்தில் சுற்றிவருகிறது. தங்கள் வாதத்துக்குச் சாட்சியாக அதைக் காட்டாத தரப்பே இல்லை எனலாம்.

அந்தத் துண்டைப் பகிர்பவர்களில் எத்தனை பேருக்கு அலோனி யார் என்று தெரியும்? 1928இல் பிறந்தவர். 1948 போரில் ஜெருசலேம் பழைய நகரில் போரிட்டு ஜோர்டானியரிடம் சிறைப்பட்டவர். வழக்கறிஞர். அவரும் ஒரு வானொலிக்காரர்: அரசு வானொலியில் சட்ட உரிமைகளைப் பற்றி, குறிப்பாகப் பெண்களின் உரிமைகளைப் பற்றி நிகழ்ச்சி நடத்தியவர். இஸ்ரேலில் திருமணமும் மணவிலக்கும் மத நீதிமன்றங்களின் கையில் இருக்கின்றன. கணவன் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே யூதப் பெண்ணுக்கு மணவிலக்கு. அலோனி வாழ்நாள் முழுதும் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். 1973இல் குடியுரிமைகளுக்கென ஒரு கட்சியையே தொடங்கினார். ஒரு பெண்ணின் மீது மதகுருவுக்கு இருக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட அதே சட்ட மனம்தான், ஒரு மக்கள் கூட்டத்தின் மீது ராணுவத்துக்கு இருக்கும் அதிகாரத்தையும் கேள்வி கேட்டது.

ஒரு நிமிடத் துண்டில் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. அவர் ‘ஒப்புக்கொண்ட இஸ்ரேலியர்’ ஆகிவிடுகிறார். பெண்ணியவாதி காணாமல் போகிறார். எனவே ஆவணம் இருக்கிறது என்பதோடு நாம் திருப்தியடைய முடியாது. அதை எங்கே வெட்டுகிறோம் என்பதும் வரலாறு எழுதும் செயல்தான்.

அமிரா ஹாஸின் குரலும் இந்தப் பதிவுகளில் மீண்டும் மீண்டும் வரும். ஹாரெட்ஸ் நாளிதழின் செய்தியாளரான இவர் 1993இல் காஸாவில் குடியேறினார். 1997இலிருந்து ரமல்லாவில் வாழ்ந்துவருகிறார். பாலஸ்தீனியர் நடுவே வாழ்ந்து செய்தி எழுதும் யூத இஸ்ரேலியர் அவர். அவருடைய தாய் ஹன்னா லெவி ஹாஸ் பெர்கன் பெல்சன் வதைமுகாமில் நாட்குறிப்பு எழுதி உயிர்தப்பியவர். முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டபோது வழியோரம் நின்ற பெண்கள் வெறுமனே வேடிக்கை பார்த்ததைத் தாய் மகளிடம் சொல்லியிருக்கிறார். அப்படி வழியோரம் நின்று பார்ப்பவளாக இருக்கக் கூடாது என்ற முடிவே தன்னைக் காஸாவுக்கு அழைத்துச் சென்றது என்று ஹாஸ் எழுதியிருக்கிறார். தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து இந்தக் கதை.

என்ன நடந்தது, ஏன் நடந்தது

கேட்கக் கேட்க எனக்கு ஒரு பங்கீடு தென்பட்டது. ‘என்ன நடந்தது’ என்ற கேள்வி பெண்களிடம் போகிறது. ‘ஏன் நடந்தது’ என்ற கேள்வி ஆண்களிடம் போகிறது. வீடு இடிந்ததை, மகன் சிறைப்பட்டதை, சோதனைச் சாவடியில் பிரசவ வலியோடு காத்திருந்ததைப் பெண் சொல்வாள். வரலாறு, ஐ.நா. தீர்மானம், அமெரிக்க வெளியுறவுக் கொள்கை ஆகியவற்றைப் பேராசிரியர் விளக்குவார். பேராசிரியர் பெரும்பாலும் ஆண்.

எந்தப் பதிவுகள் நூல்களாயின என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கொலராடோவில் டேவிட் பர்சாமியன் 1986 முதல் நடத்திவரும் ‘ஆல்டர்நேடிவ் ரேடியோ’ இந்தத் துறையில் மதிப்புக்குரிய பெயர். காஷ்மீர் பற்றிப் பேசிவந்த அவரை 2011இல் டெல்லி விமான நிலையத்திலிருந்தே இந்திய அரசு திருப்பி அனுப்பியது. எட்வர்ட் சயீது, நோம் சாம்ஸ்கி, இக்பால் அகமது ஆகியோருடன் அவர் நடத்திய உரையாடல்கள் நூல்களாக வந்து உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போயின. பின்னாளில் அருந்ததி ராயுடனான உரையாடல்களும் நூலாயின. ஆனால் பாலஸ்தீனம் என்றதும் மாணவர் கைக்கு வருவது ஆண்களின் நூல்களே. அதேபோல 2006இல் ‘டெமாக்ரசி நவ்’ நிகழ்ச்சியில் நார்மன் ஃபிங்கல்ஸ்டீனும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஷ்லோமோ பென் அமியும் நடத்திய விவாதம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நான் பாலஸ்தீனியனாக இருந்திருந்தால் கேம்ப் டேவிட் யோசனைகளை நிராகரித்திருப்பேன் என்று பென் அமி சொன்னது அதில்தான். முக்கியமான விவாதம், மறுப்பதற்கில்லை. ஆனால் வரலாற்றுச் சிறப்பு மிக்க ஒலிப்பதிவு என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவது இரண்டு ஆண்கள் வாதிடும் காட்சியாக இருப்பது ஏன் என்று கேட்டுக்கொள்ளலாம்.

1987 டிசம்பரில் தொடங்கிய முதல் எழுச்சியை எண்ணிப் பாருங்கள். இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரையின் பள்ளிகளை மூடியபோது வீடுகளிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் வகுப்புகள் நடந்தன. அதைச் செய்து காட்டியதில் பெண்களின் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1978இலிருந்தே ஊர் ஊராகக் கட்டியெழுப்பப்பட்ட குழுக்கள் அவை. கொல்லைப்புறத்தில் காய்கறி பயிரிட்டு இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிக்க வழிசெய்தவையும் அவையே. அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘எப்படித் திட்டமிட்டீர்கள்’ என்பது. ‘எதை இழந்தீர்கள்’ என்று மட்டும் கேட்டால் கண்ணீர் பதிவாகும், அரசியல் பதிவாகாது. 1991 மாட்ரிட் மாநாட்டில் பாலஸ்தீனக் குழுவின் பேச்சாளராக ஹனான் அஷ்ராவி உலகத்தின் முன் தோன்றியபோது மேற்குலகச் செய்தியாளர்கள் வியந்தார்கள். பீர்ஸெய்ட் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் அவர். அவரைப் போன்றவர்களை உருவாக்கிய பெண்கள் இயக்கத்தை யாரும் அதுவரை கவனித்துக் கேட்டிருக்கவில்லை என்பதையே அந்த வியப்பு காட்டுகிறது.

1988 ஜனவரியில் ஜெருசலேமில் இஸ்ரேலியப் பெண்கள் சிலர் கறுப்பு உடுத்தி, ‘ஆக்கிரமிப்பு ஒழிக’ என்ற பலகையோடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மணி நேரம் நிற்கத் தொடங்கினார்கள். கறுப்புடைப் பெண்கள் என்ற அந்த இயக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அவர்கள் முழக்கமிடவில்லை, மௌனமாக நின்றார்கள். வழியில் போவோர் அவர்களைத் துரோகிகள் என்றும் வேசிகள் என்றும் ஏசினார்கள். மௌனத்தை வானொலி எப்படிப் பதிவுசெய்யும்? அந்த இடத்தில் ஒலிவாங்கியை நீட்டினால் அதில் விழுவது ஏசுபவர்களின் குரல்தான். பெண்களின் எதிர்ப்பு ஒலியில்லாமல் இருக்க, அதன் மீது எறியப்பட்ட ஆபாசம் ஆவணமாகும். ஆனால் அந்த ஏச்சுக்கும் ஆவண மதிப்பு உண்டு. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் ஆண் துரோகி ஆகிறான். எதிர்க்கும் பெண்ணோ துரோகியோடு வேசியும் ஆகிறாள் என்பதை அது அப்படியே பிடித்துவைக்கிறது.

இந்தக் குறையை உணர்ந்த பெண்கள் தங்களுக்கென ஒரு வழி கண்டார்கள். 1980களின் நடுவில் ஃப்ரீடா வெர்டனும் கேத்தரின் டேவன்போர்ட்டும் ‘விங்ஸ்’ என்ற பெண்கள் பன்னாட்டு வானொலிச் செய்திச் சேவையைத் தொடங்கினார்கள். பெண்களே தயாரித்து, பெண்களைப் பேசவைத்து, சமுதாய வானொலிகளுக்கு அனுப்பும் சேவை அது. அங்கே ‘ஏன்’ என்ற கேள்வியும் பெண்களிடமே கேட்கப்பட்டது.

நாடாவின் ஆயுள்

காந்த ஒலிநாடா நிரந்தரமான பொருளன்று. ஈரம் உறிஞ்சினால் அதன் பசை இளகி, ஓட்டும்போது கருவியில் ஒட்டிக்கொண்டு உரியும். அத்தகைய நாடாவைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வாட்டியெடுத்து, ஈரம் போன சிறு இடைவெளிக்குள் ஓட்டிப் படியெடுக்க வேண்டும். பணம் குறைந்த நிலையங்களில் பழைய நாடாவை அழித்து அதன் மேலேயே புதிய நிகழ்ச்சியைப் பதிவதும் உண்டு. எதை அழிக்கலாம் என்று முடிவெடுக்கும் வேளையில், முக்கியமானவர் யார் என்ற பழைய எண்ணமே வேலை செய்யும்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள பசிஃபிகா ஆவணக்காப்பகம் பல பத்தாயிரம் நாடாக்களைக் காத்துவருகிறது. 1963 முதல் 1982 வரையிலான பெண்கள் இயக்கப் பதிவுகளைத் தனியாகப் பிரித்து டிஜிட்டலாக்கியது அதன் நல்ல பணிகளுள் ஒன்று. ‘வரலாறும் பண்பாடும் படைக்கும் அமெரிக்கப் பெண்கள்’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். இந்தப் பெயரே எனக்கொரு கேள்வியைக் கொடுத்தது. பாலஸ்தீனப் பெண்ணொருத்தி பேசிய நாடாவை எந்த அலமாரியில் வைப்பது? ‘பெண்கள்’ என்ற தலைப்பிலா, ‘மத்தியக் கிழக்கு’ என்ற தலைப்பிலா? பெண் என்ற தலைப்பு வெள்ளை அமெரிக்கப் பெண்ணுக்கும், போர் என்ற தலைப்பு மற்றவளுக்கும் போய்விட்டால், இரண்டையும் ஒன்றாக வாழ்ந்தவளைத் தேடி எடுப்பது கடினம். பட்டியலில் பெயர் எழுதுவதும் இதே போன்றதுதான். ‘பாலஸ்தீனத் தாய்’ என்று எழுதப்பட்ட பதிவைப் பெயரால் யாராலும் தேட முடியாது.

யாருடைய காப்பகம்

பாலஸ்தீனியரின் குரல் ஏன் கலிஃபோர்னியாவில் இருக்க வேண்டும்? அவர்களுக்கென்று இருந்த காப்பகங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1982இல் பெய்ரூட்டுக்குள் நுழைந்த இஸ்ரேல் ராணுவம் பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூலகத்தையும் ஆவணங்களையும் அள்ளிச் சென்றது. 1983 பிப்ரவரியில் அந்த மையத்தின் வாசலில் குண்டு வெடித்தது. இறந்தவர்களுள் மையத்தின் இயக்குநர் சப்ரி ஜிரிஸின் மனைவி ஹன்னேயும் ஒருவர். 2002 ஜனவரியில் ரமல்லாவில் ‘பாலஸ்தீனத்தின் குரல்’ வானொலியின் கட்டடத்தை இஸ்ரேல் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. அது சுயேச்சை வானொலி அன்று; பாலஸ்தீன அதிகார அமைப்பின் நிலையம். ஆயினும் ஷிரீன் அபு அக்லே செய்திப் பணியைத் தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. 2022 மே 11 அன்று ஜெனினில் இஸ்ரேலியப் படையின் குண்டுக்கு அவர் பலியானபோது அரபுலகம் முழுவதும் அவர் குரலை அடையாளம் சொல்லியது.

தொலைவில் இருக்கும் காப்பகம் காப்பாற்றும். ஆனால் தன் மொழியில்தான் காப்பாற்றும். ஆங்கிலம் பேசும் பெண் நேரடியாக நிகழ்ச்சிக்குள் வருகிறாள். முகாமில் வாழும் பெண் பேசினால் இரண்டு வாக்கியத்துக்குள் அவள் குரல் தாழ்ந்து மொழிபெயர்ப்பாளரின் குரல் மேலெழுகிறது. கீழே அவள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது கேட்கும், சொற்கள் பிடிபடா. இதற்கு மாற்றாக நிற்பவை வாய்மொழி வரலாற்றுக் காப்பகங்கள். ரோஸ்மேரி சாயிக் லெபனான் முகாம்களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பெண்களின் வாழ்க்கைக் கதைகளை அரபியிலேயே பதிவுசெய்தார். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1948இன் அகதிகளுடைய பேச்சை ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாகத் திரட்டி வைத்திருக்கிறது. வானொலி அன்றன்றைய அவசரத்தில் கேட்டதை இவை ஆற அமரக் கேட்கின்றன.

இரண்டு பக்கமும் இழப்பு தொடர்கிறது. 2023 அக்டோபர் 4 அன்று இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பெண்கள் அமைப்புகள் இரண்டு கூட்டாக அமைதிப் பேரணி நடத்தின. மூன்று நாள் கழித்து, அந்த இஸ்ரேலிய அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான விவியன் சில்வர் பேரி கிபுட்ஸில் ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதன் பிறகு காஸாவில் நடந்த அழிவில் வீடுகளோடு நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தரைமட்டமாயின. அங்கே பேசிய பெண்கள் பலரின் குரல் இனி எங்காவது ஒரு வானொலிக் கோப்பில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆகவே இந்தப் பதிவுகளைக் கேட்கப்போகும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது. துண்டோடு நிற்காமல் முழுப் பதிவையும் கேளுங்கள். எழுத்து வடிவம் தேடுவதற்கு உதவும், தயக்கமும் பெருமூச்சும் அதில் இருக்காது. பேசுபவளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவளிடம் ‘ஏன்’ என்று கேட்டார்களா, ‘என்ன’ என்று மட்டும் கேட்டார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக் குரலுக்கு அடியில் ஓடும் குரலைத் தெரிந்தவர் உதவியோடு மீட்க முடியுமா என்று முயலுங்கள். கேள்வி கேட்டவர் யார், நாடாவைக் காத்தவர் யார் என்பதையும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள். ‘பெண்களும் குழந்தைகளும்’ என்ற மூட்டையை அவிழ்த்து ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அவள் பெயரால் அழைக்கும் வேலை பாடநூலில் இனிமேல்தான் தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருள் நாடாக்களில் இருக்கிறது.